கதவளவு காசோலை

அந்தக் காசோலையைத் தூக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். ஒரு மூலையில் அறக்கட்டளையின் தலைவர், மறு மூலையில் பிரதம அதிதி, நடுவில் உயர்தரம் படிக்கிற ஒரு பெண்பிள்ளை. "கொஞ்சம் மேலே தூக்குங்க, லோகோ விழல்ல" என்றான் கமராக்காரன். தூக்கினார்கள். லோகோ விழுந்தது. பிள்ளை மறைந்துபோனாள். காசோலைக்குக் கீழே அவளுடைய வெள்ளைச் சப்பாத்து மட்டும் தெரிந்தது. அதுவும் அயல்வீட்டுப் பிள்ளையிடம் இரவல் வாங்கியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மேடையை விட்டு இறங்கியதும் அவளுடைய உம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, சத்தம் குறைத்துக் கேட்டார்: "நானா, இந்தக் கதவ பேங்குல எடுப்பாங்களா?"

எடுக்கமாட்டார்கள், தங்கச்சி. அது வீட்டுக்கும் வராது. அடுத்த கிழமை வேறோர் ஊரில் வேறொரு பிள்ளை அதன் பின்னால் மறையவேண்டும். பெயரை எழுதிய தாள் மட்டும் உரித்தெடுக்கிற மாதிரித்தான் ஒட்டியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் தூர நின்று பார்த்தவன் போல எழுதினால் அது பொய். அன்றைக்கு நன்றியுரை சொன்னவன் நான். பொன்னாடை போர்த்தியவர்களில் ஒருவனும் நான். தலைவரை "கொடை வள்ளல்" என்று சொன்னேன். பாரியோடு ஒப்பிடவும் வாயெடுத்தேன். பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டு நடந்து போனதாகக் கதை. நம்முடையவர் வந்த வாகனத்திலேயே திரும்பிப் போவார் என்பது ஞாபகம் வந்ததால் விட்டுவிட்டேன்.

காசோலைக்கு முன்னால் இன்னொன்று நடந்தது. அறிவிப்பாளர் அவளைப் பற்றி ஒலிபெருக்கியில் வாசித்தார். தகப்பன் கடலில் போய்த் திரும்பவில்லை. தாய் கருவாடு காயவைக்கிற கூலி. வீடு கிடுகு. மழைக்கு ஒழுகும். கழிப்பறைக்கு அயல்வீடு. ஆம், கழிப்பறை வரைக்கும் வாசித்தார், குரலில் ஒரு தழுதழுப்பை வரவழைத்துக்கொண்டு. முன்வரிசையில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். ஆண்பிள்ளைகளும் இருந்தார்கள். பதினேழு வயதுப் பிள்ளை கழிப்பறைக்கு எங்கே போகிறாள் என்பதை ஊருக்கு ஒலிபரப்புகிற உரிமை, மாதம் எத்தனை ரூபாய் கொடுத்தால் ஒருவனுக்கு வரும்? விலைப்பட்டியல் இருந்தால் காட்டுங்கள்.

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று எங்கள் பள்ளிவாசலில் சொல்கிறார்கள். தலவில அன்னம்மாள் கோவிலுக்குப் போகிறவர்களுக்கும் அதையேதான் சொல்கிறார்கள். புத்தளம் கரையோரத்தில் இரண்டு சமயமும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட விஷயங்களில் இது ஒன்று. இப்போது இடக்கைக்குத் தெரியாமல்தான் கொடுக்கிறார்கள் என்று சொல்லலாம். இடக்கை செல்பி எடுப்பதில் இருக்கிறது.

மேடைக்கு வருவதற்கு முன் படிவம். புலமைப்பரிசில் விண்ணப்பப் படிவம் ஒன்றை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கிராம சேவகரின் அத்தாட்சி, அதன்மேல் பிரதேச செயலாளரின் மேலொப்பம், அதிபரின் கடிதம், பள்ளிவாசல் தலைவர் அல்லது பங்குத்தந்தையின் சிபாரிசு, அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவு கிடைக்கிறதா இல்லையா என்பதற்கு ஆதாரம், சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதிகள், வீட்டின் படம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கண்டக்குளியில் இருக்கிற ஒரு தாய் இதற்காகக் கற்பிட்டிக்கு இரண்டு முறை, புத்தளம் நகரத்துக்கு ஒரு முறை பஸ் ஏறவேண்டும். நகரத்துக்குப் போக மட்டும் நாற்பது கிலோமீற்றருக்கு மேல். மூன்று நாள் கூலி போனது. போட்டோப்பிரதிக்குப் போனது தனி. ஏழை என்று நிரூபிக்கிற செலவுக்கே ஒரு புலமைப்பரிசில் தேவை.

படிவத்தின் கடைசிக் கேள்விதான் மகுடம்: "இந்த உதவி உங்கள் வாழ்க்கையை எவ்வாறு மாற்றியமைக்கும் என்பதை 200 சொற்களில் எழுதுக." இன்னும் ஒரு சதம் கைக்கு வரவில்லை, நன்றியை முற்பணமாகக் கட்டவேண்டும்.

இத்தனைக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு எங்களை விசாரிக்காமலே தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் புத்தளமும் ஒன்று. ஒரு முழு மாவட்டத்துக்கே அரசாங்கம் வறுமைச் சான்றிதழ் கொடுத்துவிட்டது. தலைவருக்கு அது போதாது. கிராம சேவகரின் இறப்பர் முத்திரை வேண்டும்.

நாட்டில் கல்வி இலவசம்தானே, இந்தக் கூத்து எதற்கு என்று கேட்பீர்கள். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கல்வியை இலவசமாக்கினார். 1980இல் பாடநூல் இலவசமானது. 1993இல் சீருடைத் துணியும் வந்தது. அரசாங்கம் நெடுங்காலம் மறந்திருந்தது கொப்பியை. அந்த மறதியில்தான் ஒரு தொழிலே முளைத்திருக்கிறது. எண்பது பக்கக் கொப்பி ஐந்து, பேனை இரண்டு, அவற்றைப் போட ஒரு பை. கொப்பியின் பின்னட்டையில் தலைவர் சிரிக்கிறார். ஒருமுறை வகுப்பில் கன்னங்கராவின் படத்தைக் காட்டி இவர் யார் என்று கேட்டுப் பார்த்தேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்னட்டையைக் காட்டினேன். முழு வகுப்பும் கோரஸாகப் பெயர் சொன்னது. பின்னட்டையில் முன்பெல்லாம் பெருக்கல் வாய்பாடு இருக்கும். எட்டாம் வாய்பாடு இருந்த இடத்தில் இப்போது அவருடைய மூக்கு.

ஏழைகள்தான் இப்படி நிற்கவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருக்கிறது போலத்தான் தெரிகிறது.

ஜனாதிபதி நிதியம் என்று ஒன்று உண்டு. 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. வறுமை நிவாரணம், கல்வி, அறிவு வளர்ச்சி என்று நோக்கங்கள் அழகாக எழுதப்பட்டிருக்கின்றன. அதற்கு லொத்தர்ப் பணம் போகிறது. புத்தளம் பஸ் நிலையத்தில், ஒரு கையில் மீன் பையும் மறு கையில் லொத்தர்ச் சீட்டுமாக நின்று சுரண்டுகிறானே, அவனுடைய காசு. 2024 டிசம்பரில் அரசாங்கம் பாராளுமன்றத்தில் ஒரு பட்டியலை வாசித்தது. 2005ஆம் ஆண்டிலிருந்து அந்த நிதியத்தில் வைத்தியச் செலவுக்குப் பணம் எடுத்த அமைச்சர்கள், முன்னாள் அமைச்சர்கள், எம்.பி.மார். தொகைகள் இலட்சத்தில் தொடங்கிக் கோடியைத் தாண்டின.

நோய் யாருக்கும் வரும். அதைப் பரிகசிக்கமாட்டேன். நான் கேட்பது நடைமுறை பற்றியது. அந்தக் கனவான்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டின் முன்பக்கப் படமும் பின்பக்கப் படமும் இணைத்தார்கள்? கிராம சேவகர் அத்தாட்சி கொடுத்தாரா? எந்தப் பாடசாலை மண்டபத்தில் எந்த அறிவிப்பாளர், தழுதழுத்த குரலில், "இவருக்கு வாகனம் இருந்தும் அனுமதிப்பத்திரத்தில் வந்தது, கழிப்பறைகள் ஏழு இருந்தும் ஒன்றில் வெந்நீர் வருவதில்லை" என்று வாசித்தார்? அமைச்சர் ஒருவர் கதவளவு காசோலைக்குப் பின்னால் சப்பாத்து மட்டும் தெரிய நின்ற படத்தை யாராவது பார்த்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். சட்டம் போட்டு மாட்டிவைக்கிறேன்.

அவர்களுக்கு ஒரு கடிதத்தில் கிடைத்தது. அதுவும் இரகசியமாய், கௌரவமாய். பட்டியல் வெளியே வந்ததும் சிலருக்குக் கோபம்கூட வந்தது, தனிப்பட்ட விஷயத்தைப் பொதுவில் வாசிக்கலாமா என்று. ஐயா, கருவாடு காயவைக்கிறவளின் தனிப்பட்ட விஷயத்தை மைக்கில் வாசிக்கும்போது முன்வரிசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

கம்பனிகளின் பக்கமும் போவோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இந்த நாட்டின் உப்பில் பெரும் பங்கு புத்தளத்தில் விளைகிறது. நியாயப்படி நாடு எங்களை உள்ளளவும் நினைக்கவேண்டும். எங்களுக்கோ யாரோ கொப்பி தந்ததற்காக நாங்கள் அவர்களை உள்ளளவும் நினைக்கவேண்டியிருக்கிறது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவாட். முதல் இயந்திரம் 2011இல், மற்ற இரண்டும் 2014இல். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தக் கற்பிட்டித் தீபகற்பத்தில் எரிகிற நிலக்கரியிலிருந்து போகிறது. வெளிச்சம் போகிறது, சாம்பல் நிற்கிறது. கரித்தூளும் சாம்பலும் வெங்காயத் தோட்டத்தில் விழுகின்றன என்று அங்குள்ள விவசாயிகள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது ஒரு விண்ணப்பப் படிவத்திலும் அடங்காது. அதற்குரிய கட்டம் இல்லை.

அருவக்காட்டின் கதை இன்னும் நயமானது. அங்கே சுண்ணாம்புக் கல்லைத் தோண்டி ரயிலில் பாலாவிக்குக் கொண்டுபோகிறார்கள். அது சீமெந்தாகிறது. சீமெந்துத் தொழிற்சாலை அரச கூட்டுத்தாபனமாக இருந்து 1993இல் தனியாருக்குப் போய், பிறகு சுவிஸ்காரர்களின் ஹோல்சிமிடம் போய், 2016இல் தாய்லாந்தின் சியாம் சிட்டிக் கம்பனியிடம் போனது. கல் மட்டும் எப்போதும் எங்களுடையது. அந்தச் சீமெந்தில் கொழும்பு மேலே மேலே எழும்பியது. மேலே எழும்பியவர்கள் போட்ட குப்பையும் எழும்பியது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்ல குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அதற்குப் பிறகு அரசாங்கம் யோசித்தது. யோசித்து, குப்பையை 170 கிலோமீற்றர் தூரம் அனுப்பத் தீர்மானித்தது. எங்கே? கல் தோண்டிய அதே அருவக்காட்டுக்கு. எதில்? திட்டத்தின்படி, ரயிலில். கல்லுக்குப் போட்ட பாதையிலேயே குப்பை வரும். 2018இலும் 2019இலும் புத்தளத்தார் வீதியில் உட்கார்ந்தார்கள், கொழும்புக்கே போய்க் கத்தினார்கள். 2019 ஓகஸ்டில் முதல் லொறிகள் குப்பையோடு வந்து சேர்ந்தன.

தலைநகரத்துக்கும் எங்களுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் இதுதான். கல் கொடுத்தோம், குப்பை வாங்கினோம். இந்தக் கணக்கில் ஐந்து கொப்பி எந்த வரியில் வருகிறது? ஆண்டறிக்கையில் வருகிறது. வழுவழுத்த தாளில், "சமூகத்தோடு கைகோத்து" என்ற தலைப்பின் கீழ், பல் விழுந்த ஒரு பிள்ளையின் சிரிப்போடு. இந்தியாவில் 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம், பெரிய கம்பனிகள் தங்கள் சராசரி இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்கிறது. அங்கேயும் தில்லுமுல்லு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஓர் இலக்கமாவது இருக்கிறது, இலக்கம் இருந்தால் சண்டை போடலாம். நமக்கு அப்படிச் சட்டம் இல்லை. நமக்கு இருப்பது கம்பனியின் நல்ல மனம். நல்ல மனத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்த மண்ணுக்கு நான் துரோகி. கொடுப்பது எப்படி என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தினார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரம் அவகாசம். அவர்களில் பெரும்பாலானவர்கள் உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்தது இந்தக் கரைக்குத்தான். பாடசாலைகளைத் திறந்துவிட்டார்கள், பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டார்கள், தென்னந்தோட்டங்களில் குடிசை போட இடம் விட்டார்கள். சொந்த வீட்டிலேயே அரைவயிற்றோடு இருந்தவர்கள் சோற்றுப் பார்சல் கட்டினார்கள். எந்தப் பார்சலிலும் பெயர் இல்லை. யாரும் பெனர் கட்டவில்லை. வந்தவர்களிடம் கிராம சேவகரின் கடிதம் கேட்கவில்லை. அவர்களுடைய கிராம சேவகர் பிரிவே பின்னால் போய்விட்டதே. பிறகு நிறுவனங்கள் வந்தன. பலகைகள் வந்தன. கிணற்றுக்குக் கிணறு, மலசலகூடத்துக்கு மலசலகூடம், கொடுத்தவர் பெயர் பொறித்த கல். சில இடங்களில் கிணறு தூர்ந்துவிட்டது, கல் திடமாக நிற்கிறது. அருவக்காட்டுச் சீமெந்தாக இருக்கும்.

அப்படித் துரத்தப்பட்டவர்களின் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். சிவில் சேவைக்குள் போன முதல் இலங்கை முஸ்லிம். 1942இல் யுத்தகால உணவு உற்பத்தி வேலைக்காகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். உணவைப் பார்க்கப் போனவர் படிக்க வழியில்லாத கெட்டிக்காரப் பிள்ளைகளையும் பார்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1945இல் வந்த இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி. கன்னங்கரா கல்வியை இலவசமாக்கிய அதே வருடம். அஸீஸ் எழுதிய நூல்கள் கிடைக்கின்றன, ஆற்றிய உரைகள் கிடைக்கின்றன. கதவளவு காசோலையோடு அவர் நிற்கும் படம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

மகாபொல புலமைப்பரிசிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1981ஆம் ஆண்டுச் சட்டம், அன்று அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலியின் வேலை. பணம் பிந்துகிறது என்று பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஊர்வலம் போவது நாட்டின் பருவநிலைகளில் ஒன்றாகிவிட்டது. 5,000 ரூபாயாக இருந்த மாதக் கொடுப்பனவை 2025 வரவு செலவுத் திட்டம் 7,500 ஆக்கியது. அது ஒரு மாதத்துப் போடிங் வாடகைக்குக் காணுமா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஆனாலும் நான் மகாபொலவின் பக்கம். அது பிந்தும், குறையும், ஆனால் மேடை ஏற்றாது. வெட்டுப்புள்ளி இத்தனை, வருமானம் இத்தனை என்ற அளவுகோல் எழுத்தில் இருக்கிறது. பணம் வங்கிக் கணக்குக்கு வரும். வாங்குகிற பிள்ளை யாருடைய தோளிலும் சாய்ந்து சிரிக்கத் தேவையில்லை. உரிமையும் பிச்சையும் பிரிகிற இடம் தொகையில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

எங்கள் பெண்பிள்ளைக்கு வருவோம். மாதாமாதம், இரண்டு வருடத்துக்கு என்று ஒலிபெருக்கி சொன்னது. முதல் மாதம் வந்தது. இரண்டாம் மாதம் வந்தது. மூன்றாம் மாதம் தலைவர் "திட்டத்தை மீளாய்வு செய்கிறார்" என்று பதில் வந்தது. தேர்தல் முடிந்திருந்தது. தலைவர் வென்றாரா தோற்றாரா என்று கேட்காதீர்கள், வென்றிருந்தாலும் மீளாய்வுதான். பிள்ளை டியூஷனை நிறுத்தினாள். படம் மட்டும் இன்னும் அந்த அறக்கட்டளையின் நாட்காட்டியில் இருக்கிறது, மார்ச் மாதத்தில். அவளுடைய உம்மா அதைச் சுவரில் மாட்டவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பின் கீழே விரித்திருக்கிறார்.

"ஏன் தங்கச்சி, மக நிக்கிற படமாச்சே?"

"மக எங்க நானா நிக்கிறா, கதவுதானே நிக்குது."

அன்றைய நன்றியுரையை நான் இன்றைக்குத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பொன்னாடையையும் திருப்பித் தந்தால் நல்லது, அது வாடகைக்கு எடுத்தது.

இனி அழைப்பிதழ் வந்தால், அதிபர்மாரே, பெற்றோரே, ஒரு வேலை செய்யுங்கள். கேளுங்கள். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, யார் தெரிவு செய்தார்கள், சொன்ன தொகையில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது, மண்டபத்துக்கும் பெனருக்கும் வீடியோவுக்கும் பிரியாணிக்கும் எவ்வளவு போனது. தனியார் அறக்கட்டளை, சட்டம் எங்களைத் தொடாது என்று சொல்வார்கள். சொல்லட்டும். நிகழ்ச்சி நடந்தது அரசாங்கப் பாடசாலையில். அனுமதி கொடுத்தது வலயக் கல்வி அலுவலகம். அவர்கள் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வருவார்கள். ஜனாதிபதி நிதியம் வரும், மகாபொல வரும். வெளிநாட்டு அரசாங்கத்தின் காசில் பெருமளவு தங்கி மக்களுக்குச் சேவை செய்கிற அரசசார்பற்ற நிறுவனமும் அந்தச் சேவை பற்றிப் பதில் சொல்லவேண்டும். கோரிக்கையைத் தமிழிலேயே எழுதலாம். கொடுப்பதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்கவேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கிராம சேவகரின் அத்தாட்சி வேண்டாம். விண்ணப்பத்தோடு புகைப்படமும் இணைக்கத் தேவையில்லை.